நெற்றிக்குப் பின்னால்

பிப்ரவரி 9

தினமும் எழுத வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. என்ன சாப்பிட்டேன், யாரிடம் என்ன பேசினேன், எப்போது கோபம் வந்தது, எல்லாவற்றையும். முதல் பக்கத்தில் பெயர், வயது, வேலை, வீட்டில் யார் யார் என்று குறிக்க வேண்டுமாம். எதுவும் மறந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

பெயர் உலகம்மை. வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக விலங்கியல் ஆசிரியை. ஜூன் மாதம் தலைமையாசிரியை ஆக வேண்டியவள். கணவர் சங்கரலிங்கம், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கவிஞர். கடைசிச் சொல்லுக்கு நான் பொறுப்பல்ல. மகன் ஹைதராபாத்தில். வந்து பார்த்தான், நான் கண் விழித்துவிட்டேன் என்று உறுதி செய்துகொண்டு அன்றைக்கே ரயிலேறினான்.

நடந்தது இது. பிப்ரவரி 2, மாலை, பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முதல் நாள் வரை இல்லாத ஒரு வேகத்தடை அன்றைக்கு இருந்தது. அதற்கு வெள்ளைக்கோடு போடுவதற்குள் நான் வந்துவிட்டேன். மல்லாக்க விழுந்தேனாம். மூன்று நாள் நினைவில்லை. பின்மண்டையில் ஏழு தையல். ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

நரம்பியல் டாக்டர் ஷாஹிதா என்னிடம் படித்தவள். மூளையின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையச் சொன்னால் வேகவைத்த காலிஃப்ளவர் வரைவாள். அவள் கையில் இப்போது என் மூளை.

"அடி பின்னாடிதான் டீச்சர். ஆனா மூளை ஆடி முன்னாடி போயி எலும்புல மோதியிருக்கு. நெத்திக்குப் பின்னால, கண்ணுக்கு மேல, ரெண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருக்கு" என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். சிறுமூளையை இடம் தள்ளிப் போட்டிருந்தாள். அரை மதிப்பெண் குறைத்தேன்.

"மனசுல வாரதை எல்லாம் வெளிய விடலாமா வேண்டாமான்னு பாக்குற எடம் அது. கொஞ்ச நாளைக்கு அது சரியா வேலை செய்யாம இருக்கலாம். உங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் எழுதச் சொல்லுதேன்."

வாசலில் வாட்ச்மேன் லீவு போட்டிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டில் எதுவும் களவு போகவில்லை. இவ்வளவு தெளிவாக நான் எப்போதும் இருந்ததில்லை.

பிப்ரவரி 11

சமையல் இவர் பொறுப்பு. இன்று சாம்பார் வைத்தார். சாம்பார் என்று அவர் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. வெந்நீரில் மஞ்சள் கரைத்து, அதில் முருங்கைக்காயைக் குளிப்பாட்டியிருந்தார்.

"இன்னிக்குப் பெருங்காயம் நெறையப் போட்டிருக்கேனே உலகு."

"டப்பாவைக் காட்டிட்டு மூடிட்டியளா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். காபியும் அப்படித்தான், நிறமும் கசப்பும் மட்டும் இருக்கிறது. நாலு கரண்டி சர்க்கரை போட்டால் குடிக்க முடிகிறது. அறுபது வயதில் ஒருவர் சமையல் பழகினால் இப்படித்தான் வரும். ஆனால் தினமும் இதே போல வருவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

பிப்ரவரி 14

யாரையும் திட்டவில்லை. காலை ஏழு மணிக்கு எழுதியது.

பிப்ரவரி 16

நான் பிழைத்து வந்ததைப் பற்றி இவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். காலைப் பலகாரம் முடிந்ததும் எதிரில் உட்கார்ந்து வாசித்தார். அதில் நான் ஒரு விளக்கு. எமன் ஒரு காற்று. கடைசி வரியில் விளக்கு அணையவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். இன்று அது வாயில் வரவில்லை.

"நல்லா இல்ல. இது மட்டும் இல்ல, ஒண்ணுகூட நல்லா இருந்ததில்ல. நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இலக்கியக் கூட்டத்துல கை தட்டுதவுக எல்லாரும் அடுத்து அவுக வாசிக்கணும்னு தட்டுதாக."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மாத்திரை போட்டியா?" என்றார். போட்டுவிட்டேன் என்றேன்.

கவிஞர்கள் விமர்சனம் தாங்க மாட்டார்கள் என்பது சும்மா. இவர் நன்றாகவே தாங்கினார்.

பிப்ரவரி 20

அடுப்பில் பால் இருந்ததாம். நான் அடுப்பிலிருந்து நாலு அடியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. "வீடே நாறுது, ஒனக்குத் தெரியலயா?" என்று கத்தினார். பாலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். மூக்கு நீளமாக இருந்தால் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

சாயங்காலம் ஜெபராணி வந்தாள். தாவரவியல் ஆசிரியை, என்னைவிட ஐந்து வயது சின்னவள், பத்தொன்பது வருடமாக ஒரே ஆய்வகத்தில் என்னோடு குப்பை கொட்டுகிறவள். தினமும் பள்ளி முடிந்து வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறாள். என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்போது அவள்தான் பாடம் எடுக்கிறாள். அவள் மகள் ரூத்தும் அந்த வகுப்பில்தான்.

ஜெபாவின் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஊருக்கு அப்படி. ரூத்துக்கும் அப்படி. உண்மையில் அவர் இரண்டு வருடமாக நாகர்கோவிலில் இன்னொரு குடும்பம் நடத்துகிறார். ரூத் படிப்பு முடியட்டும் என்று ஜெபா இந்த மஸ்கட்டைக் காப்பாற்றி வருகிறாள். ஒரு நாள் ஆய்வகத்தில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இதை ஏன் இங்கே எழுதினேன்? நோட்டை டாக்டர் படிப்பாள். படிக்கட்டும்.

மார்ச் 1

பள்ளி ஆண்டு விழா. நான் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடமாக நன்றியுரை நான்தான். "டீச்சர் வந்து நாலு வார்த்தை சொன்னா போதும், பிள்ளைக சந்தோசப்படும்" என்று தலைமையாசிரியையே போன் செய்தார். இவர் வேண்டாம் என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நன்றியுரை என்பது என்ன? யார் யாருக்கு எதற்கு நன்றி என்று சொல்வது. அதைத்தான் செய்தேன்.

ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, வந்த பிறகு ஒன்றேகால் மணி நேரம் பேசி, வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்றுத்தந்த சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொன்னேன். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஆண்டறிக்கை வாசித்த தலைமையாசிரியைக்கும், தேறமாட்டார்கள் என்று தோன்றிய ஒன்பது பிள்ளைகளைப் பதினொன்றாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிய அவருடைய முன்யோசனைக்கும் நன்றி சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து விருந்தினரும் சிரித்தார்.

பிறகு தாளாளர். திரு. கனகசபாபதி அவர்கள். "ஆறு வருஷமா நம்ம ஆய்வகத்துல ஓடுற மைக்ராஸ்கோப் ஒண்ணுகூடக் கிடையாது. அமீபாவை மனசுலயே பாக்கப் பிள்ளைகளைப் பழக்கினவர் நம்ம தாளாளர். ஆய்வுக்கு அதிகாரிக வார அன்னிக்கு மட்டும் பக்கத்துக் காலேஜ்ல இருந்து எட்டு மைக்ராஸ்கோப் இரவல் வரும். அதே ஆட்டோவுல சாயங்காலம் திரும்பிப் போகும். இரவல் வாங்குனதை ஒழுங்காத் திருப்பிக் குடுக்கிற அவரோட நேர்மைக்கு நன்றி."

மைக்கை அணைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பாடம் எடுத்த தொண்டைக்கு மைக் எதற்கு? பின்னாலிருந்து யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். ஜெபா. அவள் கை சில்லென்று இருந்தது.

"அக்கா, போதும்க்கா. வாங்க."

பெற்றோர் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் நன்றியுரைக்கு யாரும் உட்கார்ந்திருந்து கேட்டதை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 3

தாளாளர் வீடு தேடி வந்தார். கோபமாக வருவார் என்று ஆவலாக இருந்தேன். ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார்.

"டீச்சர் மேல எனக்கு வருத்தமே இல்ல சார். தலைல பட்ட அடி. என்ன பேசுதோம்னு அவங்களுக்கே தெரியாதுல்லா. எல்லார்ட்டயும் அதான் சொல்லியிருக்கேன்" என்று இவரிடம் சொன்னார். என்னை, கட்டியிருக்கிறதா என்று நாயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மைக்ராஸ்கோப் இல்லாதது மூளையிலயா, ஆய்வகத்துலயா?" என்றேன்.

"பாத்தியளா சார்" என்றார், மிகுந்த கனிவோடு.

அதற்குப் பிறகு எல்லோரும் கனிவாகிவிட்டார்கள். போனில் விசாரிக்கிறவர்கள் "பாவம், பலமான அடியாம்ல" என்கிறார்கள். நான் பொய் சொன்ன காலம் முழுவதும் என் மூளையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மார்ச் 8

விடுப்பை நீட்டிக்கும் கடிதம் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியைகள் அறையில் மகளிர் தினம் என்று கேக். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தமிழம்மா ஜெபாவிடம், "சார் இந்த லீவுக்காவது மஸ்கட்ல இருந்து வாராகளா?" என்று கேட்டாள். "காண்ட்ராக்ட்டை நீட்டிட்டாங்க" என்றாள் ஜெபா.

நான், "மஸ்கட்ல எங்க இருக்காரு, நாகர்கோவில்ல இன்னொருத்திகூடல்லா இருக்காரு" என்றேன். இன்னும் ஒன்றிரண்டு வாக்கியம் சொன்னேன், சரியாக நினைவில்லை.

ஜெபா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான்கு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, எதற்குப் போனாள் என்று தெரியவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்.

கேக் நன்றாக இருந்தது. இனிப்பு மட்டும் நாக்குக்குத் தெரிகிறது.

மார்ச் 9

ஜெபா வரவில்லை.

மார்ச் 10

வரவில்லை. பரீட்சை நேரம்.

மார்ச் 15

ஐந்து தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தமிழம்மாவைக் கூப்பிட்டேன். அவள் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"எங்களுக்கு அப்பவே ஒரு சந்தேகம் உண்டும்க்கா. நீங்க சொன்னதும் சரியாப் போச்சு" என்றாள். அவள் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் விசாரித்துவிட்டாராம். தெருப் பெயர்கூடச் சொன்னாள்.

"தாளாளரைப் பத்தி நான் சொன்னது?" என்று கேட்டேன்.

"அது... உடம்பு முடியாம இருந்தியள்லக்கா" என்றாள்.

ஒரே வாய். ஒரே வாரம். ஒரே ரத்தக்கட்டு. தாளாளரைப் பற்றிப் பேசினால் அது நோய். ஜெபாவைப் பற்றிப் பேசினால் அது தகவல். மூளையில் எந்த மடிப்பில் அடிபட்டால் எது நடக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கேட்பவர்கள் மூளையைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

இவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை ரூத்தை நெனச்சியா?" என்றார். எதற்கு நினைக்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 23

டாக்டர் ஷாஹிதா நோட்டை வாங்கி முதலிலிருந்து வாசித்தாள். காலிஃப்ளவர் வந்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மார்ச் 8 பக்கத்தில் நெடுநேரம் இருந்தாள்.

"டீச்சர், இதை நீங்க திரும்பப் படிச்சியளா?"

"எழுதுனவளுக்குத் தெரியாதா?"

அவள் கண்ணை மூடச் சொன்னாள். மூக்குக்குக் கீழே எதையோ காட்டினாள். என்ன வாசனை என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அடுத்தது. ஒன்றும் இல்லை. மூன்றாவது. ஒன்றும் இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். மேஜையில் காபித்தூள், கிராம்பு, ஒரு சோப்பு.

"வாசனையைக் கொண்டு போற நரம்பு நூல் மாதிரி இருக்கும். நெத்திக்கு அடியிலதான் போகுது. மூளை முன்னாடி மோதும்போது அறுந்து போயிரும். வாசனை தெரியலன்னா ருசியும் பாதிக்கு மேல தெரியாது. உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்புதான் மிஞ்சும். வீட்டுல சாப்பாடு எல்லாம் சப்புன்னு இருந்துதா?"

நோட்டில்தான் இருக்கிறதே. இவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வருமா?" என்று அவர்தான் கேட்டார்.

"சிலருக்கு வரும் சார். ஒரு வருஷம் பாக்கலாம்."

மதியம் அவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஒனக்குத்தான் தெரியாதுல்லா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

எழுத ஒன்றும் இல்லை. நாள் முழுக்கத் தூக்கம்.

ஏப்ரல் 14

எதிர்வீட்டு அம்மா மகன் கல்யாணப் போட்டோவைக் கொண்டு வந்து காட்டினாள். மருமகளைப் பற்றி ஒரு வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. "நல்ல சோடி" என்றேன். அந்த அம்மா சந்தோஷமாகப் போனாள்.

அவள் படியிறங்குகிறபோதே எனக்கு ஆசிரியைகள் அறை ஞாபகம் வந்தது. கேக்கை வெட்டிய கத்தி பாதியில் நின்றது. ஜெபாவின் கையிலிருந்த காகிதத் தட்டு. அவள் அந்தத் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினாள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக இது எல்லாம் எனக்குள்தான் இருந்திருக்கிறது. இன்றுதான் சுட்டது. முகம், காது, கழுத்து எல்லாம்.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரி. அவளோடு ஒரு வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20

ஜெபா வீட்டுக்குப் போனேன். இவர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தெருமுனையில் நின்றார். ஜெபா கேட்டைப் பாதி திறந்தாள். மீதியைத் திறக்கவில்லை.

"ஜெபா, எனக்குத் தலைல அடிபட்டு..."

"தெரியும்க்கா. நெனவில்லாம கெடந்தியள்ல மூணு நாள், ரெண்டு நாள் நாந்தான் பக்கத்துல இருந்தேன். ஸ்கேன் படத்தை நானும் பாத்தேன்."

இது எனக்குத் தெரியாது. இவரும் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்வார்.

"கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு முந்தின நாளு" என்றாள் ஜெபா. "ஸ்கூல் வாசல்ல வச்சு ரெண்டு பிள்ளைக ரூத்துட்ட கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. பொறந்தநாளுக்கு அப்பா மஸ்கட்ல இருந்து அனுப்பிச்சாருன்னு நான் வாங்கிக் குடுத்தது எல்லாத்தையும் எடுத்து என் கட்டில்ல வரிசையா வச்சா. மறுநாள் பரீட்சைக்குப் போனா. பாதிப் பேப்பர் வெறுசா குடுத்துட்டு வந்துட்டா."

"நான் வேணும்னு சொல்லல ஜெபா. அது என் கையில இல்ல. அந்த எடத்துல அடிபட்டா அப்படித்தான்னு டாக்டர்..."

"சரிக்கா. வாயைத் தொறந்து விட்டது அடிதான். ஒத்துக்கிடுதேன். 'புருசன் போனதுகூட வெளிய தெரியக்கூடாதுன்னு நடிக்கா பாருங்க, இவளை நெனச்சா எனக்கு வேடிக்கையா இருக்கு'ன்னு சொன்னிய. எல்லாரும் இருக்கும்போது சொன்னிய. அதை அடியா உள்ள கொண்டுபோய் வச்சுது?"

இவற்றைத்தான் மார்ச் 8ஆம் தேதி 'ஒன்றிரண்டு வாக்கியம்' என்று எழுதியிருக்கிறேன். நினைவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். நினைவு இருந்தது. எழுதத் தோன்றவில்லை.

"ஆய்வகத்துல நான் அழுதுகிட்டே சொன்னேன். நீங்க என் தலையைத் தடவிக்கிட்டே வேடிக்கை பாத்திருக்கிய" என்றாள் ஜெபா. குரலை உயர்த்தவில்லை. கேட்டைச் சாத்தினாள்.



ஏப்ரல் 21

ஜெபா சொன்னது சரியா என்று நேற்றிலிருந்து பார்க்கிறேன். அவள் அழுதபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதன் கூடவே, ஒரு ஓரத்தில், என் வீட்டுக்காரர் கவிதைதானே எழுதுகிறார் என்று ஒரு நிம்மதியும், அவள் மேல் ஒரு சிரிப்பும் இருந்தன. இரண்டும்தான் இருந்தன. எல்லோருக்கும் இப்படித்தானா என்று யாரைக் கேட்பது?

மே 5

ரூத்துக்கு வேதியியலில் குறைந்துவிட்டது. மற்றதில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். தமிழம்மா போன் செய்து சொன்னாள். வேறு செய்தியும் சொல்ல ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன்.

மே 12

மேஜையில் மூன்று மாதமாக ஒரு காகிதம்கூடக் கிடப்பதில்லை. புதிதாக எதுவும் எழுதினீர்களா என்று இவரிடம் கேட்டேன். இல்லை என்றார். இலக்கியக் கூட்டத்துக்கும் போவதில்லை, அந்த நேரத்தில் காய்கறிக் கடைக்குப் போகிறாராம்.

"பழசு ஏதாவது வாசிங்களேன். கேக்கணும் போல இருக்கு."

"வாசிச்சா நீ என்ன சொல்லுவ?"

நான் யோசித்தேன். நான் யோசிக்கிறேன் என்பதை அவர் பார்த்தார்.

"இப்ப ஒனக்குச் சொகமாயிட்டுல்லா உலகு. இனி நல்லாருக்குன்னுதான் சொல்லுவ. அதை வச்சு நான் என்ன செய்ய?" என்றார்.

பிறகு வெண்டைக்காயை நறுக்க உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து காம்பு கிள்ளிப் போட்டேன். நன்றாக நறுக்குகிறார். அதை மட்டும் சொன்னேன். "அது உண்மைதான்" என்று ஒத்துக்கொண்டார்.

மே 22

தாளாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியை 31ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அடுத்து நான். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். செல்போனில் பிடித்த என் நன்றியுரையை ஒரு பெற்றோர் புகாராகக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். விளக்கம் கேட்டு வந்திருக்கிறதாம்.

"பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர். தலைக்காயத்தால சுய நினைவில்லாம உண்மைக்கு மாறாப் பேசிட்டேன்னு நாலு வரி. கூடவே டாக்டர் சர்டிபிகேட். அவ்வளவுதான். ஜூன் ஒண்ணாந்தேதி அந்த நாற்காலி உங்களுக்கு."

மேஜையில் அந்தக் கடிதம் தயாராகத் தட்டச்சு செய்யப்பட்டு இருந்தது. தமிழில் இரண்டு பிழை. முன்பென்றால் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்து வந்தேன். நெற்றிக்குப் பின்னால் வாட்ச்மேன் முழு நேரமும் பணியில் இருக்கிறார்.

மே 27

கையெழுத்துப் போட்டுவிடலாம். இருபத்தாறு வருடம் காத்திருந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் நானே மைக்ராஸ்கோப் வாங்கலாம் என்று காலையில் ஒரு நியாயம் தோன்றியது. மதியத்துக்குள் அது போய்விட்டது. இப்போதிருக்கிற தலைமையாசிரியையும் முதல் வருடம் அப்படித்தான் சொன்னார்.

போடாவிட்டால்? போன முறை பேசும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வெயிலைப் பார்ப்பது போல அவ்வளவு எளிதாக இருந்தது. அதைத் தைரியம் என்று இரண்டு பெற்றோர் என்னிடம் வந்து பாராட்டினார்கள். உடைந்த குழாயில் தண்ணீர் வந்தால் அது குழாயின் தாராளமா?

இப்போது ஒரே வரியை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன்.

ஜூன் 1

டாக்டர் ஷாஹிதாவின் சான்றிதழ்: முழுமையாகக் குணமடைந்துள்ளார், பணிக்குத் தகுதியானவர். அதன் கீழே என் கடிதத்தை இணைத்தேன். தாளாளர் முன்னால் நின்று வாசித்தேன், உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"மார்ச் 1ஆம் தேதி நான் பேசியபோது எனக்குத் தலைக்காயம் இருந்தது. சொன்ன முறைக்கு வருந்துகிறேன். இன்று எனக்குக் காயம் இல்லை. ஆய்வகத்தில் வேலை செய்யும் மைக்ராஸ்கோப் ஒன்றும் இல்லை என்பதை இன்று தெளிந்த நினைவோடு மீண்டும் தெரிவிக்கிறேன்."

நடுவில் இரண்டு இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசி வரியில் குரல் அவ்வளவாக வெளியே வரவில்லை, அவர் "என்ன?" என்று கேட்டார், மறுபடியும் வாசிக்க வேண்டியதாயிற்று. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற தொண்டை!

"யோசிச்சுத்தான் பண்ணுதியளா டீச்சர்?" என்றார். இந்த முறை கனிவு இல்லை. நான் நோயாளி இல்லை என்று அவர் நம்பிவிட்டார்.

தலைமையாசிரியையாகக் கணக்கு டீச்சர் சாயங்காலமே பொறுப்பேற்றார். வீட்டில் சொன்னேன். "இதுக்கு ஒரு கவிதை எழுதலாம்" என்றார் இவர். எழுதப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சிரித்தோம். சேமியா பாயசம் வைத்தார். இனிப்பாக இருந்தது. மற்றபடி எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். ஏலக்காய் கொஞ்சம் கூடிவிட்டது என்றார்.

ஜூன் 18

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஆட்டோ போய்வர நேரமில்லை. அலமாரியைத் திறந்து காட்டினேன். உடைந்த மூன்று, லென்ஸ் இல்லாத இரண்டு, பெட்டி மட்டும் மூன்று. என்னுடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கினார்.

"நீங்க சமீபத்துல மருத்துவ விடுப்புல இருந்ததாச் சொல்லுதாங்க. இந்த ஆய்வகத்தைப் பயன்படுத்துற வேற ஆசிரியர் யாராவது இதுல கையெழுத்துப் போடுவாங்களா?"

ஆய்வகத்தை இன்னொருத்திதான் பயன்படுத்துகிறாள். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் செம்பருத்திப் பூக்களோடு, அடுத்த பாடவேளைக்காக. பள்ளி திறந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் இங்கே தனித்தனி நேரத்தில் வந்து போகிறோம். அந்தக் கேள்வி ஜெபா காதிலும் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, வரவும் கூடாது.

அவளாக வந்தாள். பூக்களை மேஜையில் வைத்தாள். காகிதத்தை முழுவதும் படித்தாள். "ஆறு வருஷம் இல்ல, ஏழு" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். அதைத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். இதற்கு அவளிடம் தாளாளர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அலமாரிச் சாவியக் குடுங்க டீச்சர்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக டீச்சர். "எனக்கு அடுத்த பீரியட் லேப்."

கொடுத்தேன்.